கறுப்பு சார்ட் வாங்கி வாருங்கள்

காய்கறியையும் பாத்திரத்தையும் இருளுக்குள் வைத்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விளக்கு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் பளபளப்பில்லாத கறுப்பு சார்ட் வாங்கி வாருங்கள். என் வீட்டு ஸ்டுடியோவில் அதைவிட அற்புதமான பொருள் வேறு கிடையாது!

ஸ்டுடியோ என்றால் வடக்கு ஜன்னல் உள்ள ஓர் அறையும் பழைய பலகை ஒன்றும்தான். பலகையை ஜன்னலை ஒட்டிப் போட்டு, அதன்மேல் காயை வைக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் அறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலை வெளுக்கடித்துவிடும். அதனால் காய்க்கு அந்தப் பக்கம், படத்துக்குள் தெரியாதபடி, சார்ட்டை நிறுத்த வேண்டும். திரும்பி வரும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். நிழல் கனத்து, காய் உருண்டு திரண்டு எழும்பி வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

கத்தரிக்காயை இப்படி வைத்துப் பாருங்கள். அதன் ஊதாத் தோளில் ஜன்னல் முழுவதும் ஒரு வெள்ளைக் கீற்றாக விழுந்திருக்கும். காயை விரற்கடை திருப்பினால் கீற்று வளையும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அறுந்துபோகும். காம்படியில் முள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிழல்! அன்றாடம் நறுக்கித் தள்ளுகிற காயில் இவ்வளவு இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவருக்கும் முன்னோடி, ஸ்பெயின் ஓவியர் சான்செஸ் கோத்தான். 1602 வாக்கில் அவர் வரைந்த ஓவியத்தில் சீமைமாதுளையும் முட்டைக்கோஸும் நூலில் தொங்கும். கீழே வெட்டிய முலாம்பழம், வெள்ளரிக்காய். பின்னால் கன்னங்கரேல் என்று இருட்டு. அதைப் பார்த்த நாளிலிருந்து என் ஜன்னல் கம்பியிலும் முட்டைக்கோஸ் தொங்குகிறது.

கேமரா விஷயம் எளிது. டிரைபாட் கட்டாயம். 50 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8. ஷட்டர் ஒரு விநாடி, இரண்டு விநாடி திறந்திருந்தாலும் கவலையில்லை, கத்தரிக்காய் எங்கே ஓடப்போகிறது? கை படாமல் டைமரில் எடுங்கள். செல்போன் என்றால் திரையைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். சித்திரை நடுவிலிருந்து ஆடி கடைசி வரை சென்னையில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் பாலாக வடிந்து இறங்கும்.

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்பேறிய சொம்புதான் இருட்டில் அழகி. எதிரே நிற்பவரையும் அது காட்டிக்கொடுக்கும், அதனால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தக்காளிமேல் நீர்த்துளி நிற்க, கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளிக்கலாம். தட்டைச் சுற்றிப் பூ, பட்டுத்துணி, மசாலா என்று கொட்டி நிரப்புவது மட்டும் எனக்கு ஆகாது. இரண்டு பொருள் போதும், மூன்று தாராளம்.

ஐப்பசி அடைமழையில் வானம் மூடிக் கிடக்கும் பகல்களே இதற்கு வாகானவை. அந்த நாட்களில் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்து தை பிறந்ததும் பனங்கிழங்கு வரும். அந்த நாரும் மண்ணும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று இப்போதே மனசு பரபரக்கிறது. பலகையைத் துடைத்து வைத்துவிட்டேன்!