சூதுப் பாட்டும் வழியனுப்பும்

நம் கதைகளில் பகடை உருண்டால் யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார். நளன் உடுத்த துணியோடு நிடத நாட்டை விட்டுப் போனான். பாண்டவர்கள் காட்டுக்குப் போனார்கள். பாட்டில் பந்தயம் கட்டிய ஏமநாத பாகவதர் ராத்திரியோடு ராத்திரியாக மதுரையைக் காலி செய்தார். ஆகவே, ஊரைவிட்டுப் போகிறவருக்குச் சூதாட்டப் பாட்டுகளைத் தொகுத்துக் கொடுப்பது அபசகுனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைவிடப் பொருத்தமான சீர் வேறு கிடையாது.

திண்டுக்கல் நாகல் நகரில் தறிக்குழியில் உட்கார்ந்து கொடைக்கானல் பண்பலையைக் கேட்டே வளர்ந்த நண்பர் ஒருவர் சூரத்துக்கு வேலைக்குப் போகிறார். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கும்போது தாயக்கட்டையைக் கையில் எடுத்தால் விடியும்வரை கீழே வைக்காத மனிதர். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம்; முன்னோர் கிளம்பி வந்த குஜராத்துக்கே இவர் பிழைக்கப் போகிறார். போவதே ஒரு பந்தயம்தான். அவருக்காகத்தான் இந்தத் தொகுப்பு.

முதலில் அளவு. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய காலத்தில், பக்கத்துக்கு அரை மணிதான். ஆறேழு பாட்டுக்கு மேல் ஏறாது. அந்த நெருக்கடி ரசனையைத் தீட்டியது. பென் டிரைவில் ஐந்நூறு பாட்டைக் கொட்டிக் கொடுப்பதைத் தொகுப்பு என்று நான் ஏற்பதில்லை. இன்றைக்கும் ஒரு மணி நேரமே என் கணக்கு.

அடுத்து, தலைப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'ரம்மி' என்று 2014-இல் ஒரு படம் வந்தது. இமான் இசையில் அதில் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு காதல் பாட்டு, சீட்டுக்கு அதில் வேலையில்லை. 'ஆடுகளம்' முழுக்கச் சேவற்சண்டைப் பந்தயம். ஆனால் வேல்முருகன் பாடி தியேட்டரை ஆடவைத்த பாட்டு, ஒரு பெண்ணின் சம்மதத்தைக் கொண்டாடுவது. இரண்டுமே நல்ல பாட்டு, இந்தத் தொகுப்புக்கு ஆகாது. 'கர்ணன்' படத்தில் பகடைக் காட்சி இருக்கிறது, அங்கே பாட்டில்லை.

வரிசைக்கு நான் நம்பியிருப்பது புகழேந்தியை. நளவெண்பா மூன்று காண்டம்: சுயம்வரம், கலி தொடர்வது, கலி நீங்குவது. வெற்றி, தோல்வி, மீட்சி. நளன் இழந்த நாட்டை மறுபடி சூதாடித்தான் திரும்ப வாங்குகிறான் என்பதை மறந்துவிடுகிறோம். வழியனுப்பும் தொகுப்பு இரண்டாம் காண்டத்தோடு நின்றுவிடக் கூடாது.

முதல் காண்டத்துக்கு 1981-இல் வந்த 'நெற்றிக்கண்'. ராஜா, ராணி, ஜாக்கி என்று சீட்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்கும் பாட்டு. இளையராஜா இசை, மலேசியா வாசுதேவனின் குரலில் கையில் நல்ல சீட்டு வந்தவனின் மிதப்பு அப்படியே இருக்கிறது. பிறகு 'மங்காத்தா', 2011. உள்ளே வெளியே ஆட்டத்தின் பெயரையே வைத்து, கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைச் சுற்றும் படத்துக்கு, கங்கை அமரன் எழுதி யுவன் சங்கர் ராஜா போட்ட அந்தப் பாட்டைத் தவிர்க்க முடியாது. அதன் தாளம் யோசிக்க இடம் தராமல் துரத்துகிறது. சூதின் போதையும் அப்படித்தான்.

இரண்டாம் காண்டத்தில் நான் அதிகம் மயங்குவது ஓர் இந்திப் பாட்டில். 'ஸ்ரீ 420', 1955, சங்கர்-ஜெய்கிஷன். சீட்டுத் திறமையால் பணக்காரர்கள் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்ட ராஜைவிட்டு அவன் காதலி வித்யா மனம் நொந்து வெளியேறுகிறாள். அவன் திரும்பிப் பார்த்துவிடாமல் இருக்க அந்தக் கூட்டத்து மாயா பாடுகிறாள். திரும்பிப் பார்க்காதே என்பதுதான் பாட்டின் பேச்சே. ஆஷா போஸ்லே மெதுவாக, கொஞ்சி இழுத்துத் தொடங்குகிறார். வேகம் கூடி மன்னா டேயின் குரல் நுழையும்போது, அவன் திரும்பாமலே போய்விட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சூதும் பிரிவும் ஒரே பாட்டில் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பின்னால் கென்னி ரோஜர்ஸ் 1978-இல் பாடிய 'தி கேம்ப்ளர்'. ராத்திரி ரயிலில் ஒரு கிழட்டுச் சூதாடி, எதிரே இருக்கும் இளைஞனுக்கு ஆட்டத்தின் புத்தியைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறான். நடுவில் சுருதி அரைப்படி ஏறுவதைக் கவனியுங்கள். கதை அங்கே கனக்கிறது. ரயிலேறப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடையில் ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் ரம்மி ஆடிக் குடும்பத்தை இழந்தவர்களின் செய்தி நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அப்படி அடிபட்ட வீட்டுக்கு இந்தத் தொகுப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இவை பாட்டாகவே காதில் விழாது.

மூன்றாம் காண்டத்துக்குப் போட்டியே இல்லை: 'திருவிளையாடல்', 1965. தன்னைப் பாடி வெல்ல ஆளில்லை என்றால் பாண்டிய நாடே தனக்கு அடிமை என்கிறார் ஏமநாதர். உண்மையில் பெரிய சூது அதுதான். ஒருபக்கம் ஒரு நாடு, மறுபக்கம் ஒருவரின் ஆணவம். பாலமுரளிகிருஷ்ணா ஏமநாதருக்காக ராகம் ராகமாக மாறிக் காட்டும் வித்தையை முதலில் வையுங்கள். அந்த இறுமாப்பு எவ்வளவு இனிக்கிறதோ, அவரை வெல்ல விறகுவெட்டியாக வரும் சிவனின் கௌரிமனோகரி ராகம் அவ்வளவு ஓங்கி எழும். கே.வி. மகாதேவனும் கண்ணதாசனும் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்திருக்கிறார்கள். தோற்கப் போகிறவனுக்கு மட்டமான பாட்டைக் கொடுக்கவில்லை. பந்தயப் பாட்டின் தர்மம் அது.

ஒரு தொழில் விஷயம். 1965-இன் ஒலிப்பதிவும் 2011-இன் ஒலிப்பதிவும் ஒரே சத்தத்தில் இருக்காது. பழையதன் ஒலியளவைக் கூட்டி, புதியதைத் தணித்துப் பதியுங்கள். மங்காத்தாவுக்குப் பிறகு சில நொடி மௌனம் விடுங்கள்.

கடைசிப் பாட்டாக விறகுவெட்டி பாடுவதை வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் குரலுக்குரிய டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, 2013 மே 25 அன்று மறைந்தவர். அவர் வீட்டில் பேசிய மொழியைத்தான் நாகல் நகர்த் தெருக்களில் இன்றும் பேசுகிறார்கள்.