வானத்தை விட்டு வீதியைப் பார்த்த நூல்

1915 ஜனவரி 19ஆம் நாள் இரவு, ஜேர்மன் கடற்படையின் எல் 4 என்னும் செப்பலின் வான்கப்பல், நோர்போக்கிலுள்ள துறைமுகச் சந்தை நகரான கிங்ஸ் லின் மீது குண்டுகளை வீசிற்று. அங்கு மாண்டவர் இருவர்: 14 வயதுச் சிறுவன் ஒருவன், சில மாதங்களுக்கு முன்னரே கணவனைப் போர்க்களத்திற் பறிகொடுத்திருந்த 26 வயதுப் பெண்ணொருத்தி. இருவரும் துறைமுகத்தை அடுத்த எளிய மக்களின் வீதியொன்றைச் சேர்ந்தவர்கள்.

நகரின் பாராளுமன்ற உறுப்பினரான ஹொல்கோம் இங்கிள்பி இது பற்றி அவ்வாண்டிலேயே சிறு நூலொன்றை வெளியிட்டார். ஊரவரின் வாக்குமூலங்களைத் திரட்டித் தந்தமையால் அது பேணத்தக்கது. ஆயின் அவற்றை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே எமது வினா. பிரகாசமான விளக்குகளுடன் வீதிகளில் ஓடிய மோட்டார் வண்டிகளே வான்கப்பலுக்கு வழிகாட்டின என்பது அவர் நிறுவ முயன்ற முடிபு.

இம்முடிபு நிற்காது. எல் 4இன் தளபதி தாம் தைன், ஹம்பர் ஆறுகளுக்கிடைப்பட்ட அரணமைந்த இடங்களைத் தாக்கியதாகவே கருதினார். வழிகாட்டப்பட்டவன் இவ்வளவு தூரம் வழிதவறுவானா? வான்கப்பல் வந்தபோது நகரின் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கீழே ஓர் ஊர் உண்டென்று காட்ட ஒற்றன் தேவைப்படவில்லை. விளக்குகளை அணைப்பிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி நகராட்சியையும் அரசையும் நோக்கியது. ஒற்றனைப் பற்றிய கேள்வியோ எவரையும் நோக்காதது, ஆதலின் வசதியானது. சாட்சிகள் பொய்யுரைத்தனர் என்பதன்று எமது கருத்து. முன்பின் அறியாத ஒரு கொடுமைக்கு அவர்கள் தமக்குப் பழகிய உருவமொன்றைத் தேடினர். நூலாசிரியர் அத்தேட்டத்தை ஆராயாது அதற்கு அச்சேற்றம் அளித்தார்.

இத்தாக்குதலை வான்குண்டு வரலாற்றின் தொடக்கமெனக் கொள்வோரும் உளர். பிரித்தானியாவில் மக்கள் உயிரிழந்த முதல் வான்தாக்குதல் என்ற அளவில் அது சரியே. ஆனால் 1911 நவம்பரிலேயே திரிப்போலிக்கு அண்மையிலுள்ள ஐன் ஸாராவில் இத்தாலிய விமானி ஒருவன் குண்டெறிந்துவிட்டான். அந்நிகழ்ச்சியை இன்றும் நாம் பெரிதும் அறிவது எறிந்தவன் தந்தைக்கு எழுதிய கடிதம் வாயிலாகவே. கீழே நின்றவர்களின் வாக்குமூலங்களைத் திரட்ட அங்கு ஓர் இங்கிள்பிதானும் இருந்தாரில்லை. லின் மக்களுக்கு அவராவது கிடைத்தார். அவர் தொகுத்தவற்றை அவருடைய முடிபிலிருந்து பிரித்தெடுத்து மீளப் படிக்கும் வேலை எஞ்சியிருக்கிறது.