மீண்டும் எரியும் காமன்: மறுமுறை காண்டலின் நிறையும் குறையும்

சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்று அவருடைய நெற்றிக்கண்ணால் எரிந்துபோன மன்மதனின் கதையையும், அவனுக்காகப் புலம்பி மன்றாடித் தன் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி அவனை மீட்டுக்கொள்ளும் ரதியின் கதையையும், மாசி மாத வளர்பிறையில் தப்பின் தாளத்துக்குப் பாடி ஆடுகின்ற இசைநாடகமே காமன் கூத்து. தமிழகத்திலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் இதைத் தம்மோடு எடுத்துச் சென்று அங்கே பேணி வளர்த்தனர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு வந்த தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர், 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி 1976இல் தனிக் கழகமாக உருப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதாவது மக்கள் ‘டேன் டீ’ என்றழைக்கும் தோட்டங்களில், குடியமர்ந்தபோது கூத்தும் அவர்களோடு நீலகிரிக்கு வந்தது. ஆகவே கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடியிருப்புகளில் இக்கூத்தைப் பார்க்க அமரும் முதியோர் பலர், சிறுவயதில் இலங்கைத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளின் முன்னே கண்டதை வேறொரு மலையில் மறுபடி காண்பவர்கள்.

இத்தகைய மறுமுறை காண்டலின் தலையாய நன்மை, கதை முன்பே தெரிந்திருப்பதால் காது விடுதலை பெறுகிறது என்பதாகும். முதன்முறை பார்க்கும் சிறுவனுக்குக் கூத்தில் தோன்றும் வீரபத்திரனின் வருகையும் எமனின் உருவமும் காமன் எரியும் தீயும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. ரதி அழுகிறாள் என்பது தெரிந்தாலும், அந்த அழுகை எப்படிப் பாடப்படுகிறது என்பது அவன் செவிக்கு எட்டுவதில்லை. அதே சிறுவன் முதுமையில், இழவு வீடுகளில் ஒப்பாரி கேட்டும் தன் வீட்டிலேயே அதை எழுப்ப நேர்ந்தும் பழகிய பின் மீண்டும் வந்து அமரும்போது, ரதி பாடுகின்ற புலம்பல் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரியோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதை நுட்பமாகப் பிரித்தறிகிறார். கூத்தின் உயிர் தீயில் இல்லை, தீக்குப் பின் தொடரும் பாட்டில்தான் இருக்கிறது என்னும் உண்மை பெரும்பாலும் இரண்டாம் முறை பார்ப்பவருக்கே வசப்படுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மறுமுறை காண்டலை உயர்ந்த இரசனைப் பயிற்சி என்று சொல்லலாம்.

ஆனால் இதற்குக் குறையும் உண்டு. லண்டனில் 1985இல் தொடங்கிய ‘லே மிசராப்ள்’ இசைநாடகத்தை ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தவர்கள், நடிகர்கள் மாறினாலும் அதே சுழல்மேடையையும் அதே அசைவுகளையும் பல்லாண்டு எதிர்பார்க்க முடிந்தது. 2019இல்தான் அந்தப் பழைய மேடையமைப்பு கைவிடப்பட்டது. காமன் கூத்துக்கு அப்படி நிலைத்த அச்சு கிடையாது. ரதி வேடமிட்டு விரதம் காப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், கூத்தைப் பயிற்றும் வாத்தியார் மறைந்தால் பாட்டின் ஒரு பகுதியும் அவரோடு மறையும், பார்ப்பவரும் மாறியிருப்பார். மாறாத அளவுகோல் எதுவும் வெளியே இல்லாதபோது நினைவே அளவுகோலாகிவிடுகிறது என்பதுதான் இவ்வழக்கத்தின் பெரிய குறை.

ஏனெனில் நினைவு கூத்தை மட்டும் தனியே சேமித்து வைப்பதில்லை. சிறுவயதின் வியப்பு, விட்டுவந்த மண், திரும்பக் காண முடியாத உறவுகள் ஆகிய அனைத்தும் கூத்தை முதலில் கண்ட இரவோடு கலந்திருப்பதால், ‘அந்தக் காலத்து ஆட்டம் இப்போது இல்லை’ என்னும் முறையீட்டில் எவ்வளவு கலைக்குரியது, எவ்வளவு பிரிவுத்துயருக்குரியது என்பதை முறையிடுபவரே அறிவது அரிது. அந்தத் துயரம் மதிப்புக்குரியது. ஆனால் இன்றைய இளம் ஆட்டக்காரரின் தலையில் அதைச் சுமத்துவது நியாயமன்று. தோட்ட வேலையை விட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கச் சென்ற இளைஞர், கிடைத்த சில நாள் விடுப்பில் வந்து கற்றுக்கொண்டு ஆடுகிறார் என்றால், அவருடைய குறுகிய ஆட்டத்துக்குக் காரணம் திறமைக் குறைவா, பயிற்சிக்கு நேரமின்மையா என்று பிரித்துப் பார்ப்பதே திறனாய்வுக்கு அழகு.

பழக்கம் சிலவற்றைக் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. ஆண்டுதோறும் ரதியின் வேடத்தைக் குறித்தே பேசுகின்ற பார்வையாளர், இரவு முழுவதும் தப்படித்து ஆட்டத்தைத் தாங்கி நிற்கும் கலைஞர்களைப் பற்றி அரிதாகவே பேசுகிறார். அந்தப் பணி சாதியின் பெயரால் சிலருக்கு மட்டும் விதிக்கப்பட்டதாக இருந்த வரலாறும், பெண்ணின் துயரை ஆணே பாடிவந்த மரபும், பலமுறை பார்த்ததனாலேயே கேள்விக்கு அப்பாற்பட்டவையாகத் தோன்றத் தொடங்குகின்றன. ‘எங்களுக்கு ஏன் வேடமில்லை’ என்று கேட்கக்கூடிய சிறுமி, முதன்முறை பார்ப்பவளாகவே இருப்பாள்.

எனவே மறுமுறை காண்பவரின் நினைவு தீர்ப்பு வழங்குவதற்குப் போதுமான சான்றன்று. கற்பிப்பதற்கோ அதைவிடச் சிறந்த மூலம் வேறில்லை. இலங்கையில் கேட்ட பாட்டை இன்றும் அடி பிசகாமல் சொல்லக்கூடிய முதியோர் நீலகிரியின் குடியிருப்புகளில் இருக்கும் வரையில், அவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, அடுத்த மாசிக்குள் ஆடப்போகும் பிள்ளைகளின் கையில் சேர்க்கும் பணியை அக்குடியிருப்பு மக்களும் பல்கலைக்கழகங்களின் நாட்டுப்புறவியல் துறைகளும் உடனே மேற்கொள்ள வேண்டும்.