கீழே வைக்கப்படும் வாள்

கோள் ஒன்றையே ஒரு நொடியில் பொடியாக்கும் பீரங்கி இருக்கிற உலகத்தில் ஒருவன் எதற்காக வாள் வைத்திருக்க வேண்டும்? விண்வெளி மாயப்புனைவைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் இதற்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது. எட்மண்ட் ஹாமில்டன் 1933இல் எழுதிய கல்டார் கதையில் ஒளியாற்றல் பாயும் வாள் வந்துவிட்டது. 1950களில் ஐசக் அசிமோவின் லக்கி ஸ்டார் கதைகளில் விசைப்புலத்தாலான கத்தி வந்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் 'டியூன்' நாவலில் இதற்கு ஒரு பொறியியல் காரணமே கற்பித்தார். வேகமாக வரும் எதையும் தடுத்துவிடும் உடற்கவசம் அங்கே உண்டு, மெதுவாக நுழையும் கத்தி மட்டுமே அதைக் கடக்கும், ஆகவே கைச்சண்டை திரும்பி வந்துவிட்டது. சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் காரணம் இல்லாமலேயே வாள் ஜெயித்தது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' எந்த விளக்கமும் தரவில்லை. எல்லாரும் துப்பாக்கி வைத்திருக்கும் ஊரில் ஒரு முதியவர் பெட்டியைத் திறந்து, இது உன் அப்பாவுடையது என்று ஒளிவாளின் உலோகப் பிடியை இளைஞன் கையில் கொடுக்கிறார். பார்த்தவர்கள் காரணம் கேட்கவில்லை.

அந்தப் பிடி உருவான கதை இன்று பரவலாகத் தெரிந்ததுதான். அரங்கப் பொருட்களைச் செய்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்து வாளாக்கினார். ஒலிக்கலைஞர் பென் பர்ட் பழைய சினிமா புரொஜெக்டரின் மோட்டார் முனகலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்து அதற்குக் குரல் கொடுத்தார். குரோசாவாவின் சாமுராய் படங்களிலிருந்து ஜார்ஜ் லூகாஸ் எடுத்துக்கொண்டவை ஏராளம். நிறங்களுக்கும் ஆழ்ந்த தத்துவம் தேட வேண்டியதில்லை. 1983 படத்தில் அந்த இளைஞன் லூக்கின் வாள் பச்சையானது, பாலைவனத்து நீல வானத்தின் முன் நீல வாள் எடுபடாது என்பதால். நடிகர் சாமுவேல் ஜாக்சன் ஊதா நிறம் கேட்டு வாங்கியது, கூட்டத்தில் தன்னை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. படப்பிடிப்புத் தளத்தின் தேவைகள் இவை. ஆனாலும் அவற்றின் விளைவு ஒன்றே: ஒவ்வொரு வாளும் ஓர் ஆளுக்கு உரியதாயிற்று. துப்பாக்கிகள் ஒரே அச்சில் வார்த்தவை, அவற்றை ஏந்திய வெள்ளைக் கவசச் சிப்பாய்களுக்கு முகமும் பெயரும் கிடையாது. வாளைப் பார்த்தால் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

இந்த உரிமைதான் ஒளிவாளின் பண்பாட்டுப் பொருளைத் திறக்கும் சாவி. வாள் அதை ஏந்தியவனைக் கணக்குச் சொல்ல வைக்கிறது. முதல் படத்தில் ஆல்டரான் என்ற கோள், குடிமக்கள் அத்தனை பேரோடும், ஒரு பொத்தானை அழுத்தியதும் மறைகிறது. அழுத்தியது எந்தக் கை என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, படமும் அந்தத் துக்கத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. 2005இல் வந்த படத்தில் லூக்கின் தகப்பன் அனகின், ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரர்களின் ஆலயத்துக்குள் போய்ச் சில குழந்தைகளின் முன் தன் வாளை ஏற்றுகிறான். வெட்டுவதைப் படம் காட்டவில்லை. இருந்தும் அந்தத் தொடரில் மன்னிக்கவே முடியாத காட்சி எது என்றால் ரசிகர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் ஒரு கோள், இன்னொரு பக்கம் ஓர் அறை நிறையக் குழந்தைகள். எண்ணிக்கைப்படி பார்த்தால் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. மனசு எண்ணிக்கைப்படி நடக்கவில்லை, கை தெரிந்த கொலையிடம்தான் அது நீதி கேட்கிறது. வாள் நல்லவனின் கருவி என்ற எளிய வாசிப்பும் இங்கே விழுந்துவிடுகிறது. கொடியவனிடமும் அது இருக்கிறது. பழியை யார் மேல் எழுதுவது என்பதை அது தெளிவாக்குகிறது, அவ்வளவுதான்.

பழி ஏற்கக் கூடியவன்தான் ஆயுதத்தை இறக்கவும் கூடியவன். 1977 படத்தில் அந்த முதியவர் ஓபி-வான் சண்டையின் நடுவே வாளை முகத்துக்கு நேரே நிமிர்த்தி நிறுத்திவிட்டுச் சாவை ஏற்கிறார். 1983இல் லூக், தகப்பனை வீழ்த்திவிட்ட கணத்தில், வாளை வீசி எறிகிறான். முதலில் வந்த மூன்று படங்களின் கதையும் அந்த வீச்சில்தான் முடிவாகிறது. அதற்குப் பதில் அவன் வெட்டி ஜெயித்திருந்தால் இந்தக் கதை எண்பதுகளின் இன்னொரு சண்டைப் படமாக நின்றிருக்கும். ஒளிவாளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஏந்துவதையே பேசுகின்றன: பயிற்சி, படிகம், நிறம், சுழற்றும் பாணி. எறிவதையும் அணைப்பதையும் பற்றிப் பேசுபவை குறைவு. பேர்பெற்ற வாளின் பொருள் அது கீழே வைக்கப்படும் இடத்தில்தான் நிறைவடைகிறது என்பது என் கருத்து. இதற்கு வலுவான சான்று ஹாலிவுட்டில் இல்லை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கிக் கள ஆய்வு செய்தார். அங்கே 18 இரவுகள் பாடப்பட்ட, கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார், பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் ஆக்கினார். மு.கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவல் வழியாகவும் 2011இல் வந்த திரைப்படம் வழியாகவும் கொங்குக்கு வெளியே உள்ளவர்களும் இக்கதையை அறிவார்கள். அண்ணன்மார் இருவரில் பொன்னர் நிதானி, சங்கர் வாள் பேசும் ஆள். வேட்டுவரோடு பகை, கொம்பன் என்ற காட்டுப்பன்றி, உடனிருக்கும் சாம்புவன், தங்கை தங்காள் என்று கதை பெரிது. இங்கே நமக்கு வேண்டியது முடிவு. பாடப்படும் பல வடிவங்களில், போர் முற்றிய நேரத்தில் மாயவர் (திருமால்) விட்ட பூங்கணை சங்கரின் மார்பில் கிடந்த நூலை அறுக்கிறது. தன் ஆயுள் முடிந்தது என்று அவன் அறிகிறான். எதிரி யாரும் அவனைக் கொல்லவில்லை. தன் வாளை நிறுத்தி அதன்மேல் தானே விழுகிறான், அண்ணனும் பின்தொடர்கிறான். 18 இரவுகளாக எத்தனையோ தலைகளை வாங்கிய வாள் கடைசியாகக் கேட்பது உடையவனின் உயிரை.

இதைத் தற்கொலையின் வீரம் என்று கொண்டாடுவதும் தோல்வி என்று ஒதுக்குவதும் கதையைப் பாடுகிறவர்களின் மனநிலைக்கு வெளியே இருப்பவை. அண்ணன்மாருக்குப் பதினாறு வயதுதான் வாழ்வு என்று பிறக்கும்போதே வரம் கொடுத்தாயிற்று. வாள் அவர்களிடம் தவணைக்குத்தான் இருக்கிறது, தவணை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது நிகழும் படுகளத்தில் வீரர்கள் வெட்டுண்டு விழுவதும் தங்காள் வந்து எழுப்புவதும் சடங்காக நடக்கின்றன. சண்டையைவிட விழுதலும் எழுதலுமே அங்கே மையம். லூகாஸ் இக்கதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை, அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு கதைமரபுகளும் தனித்தனியாக ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இந்த ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஜெடாய் வாளுக்குள் ஒரு படிகம், கைபர் என்று பெயர். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூர், பெரில் என்னும் பச்சைக் கல்லுக்குப் பெயர்போன இடம். நொய்யல் கரைக் கொடுமணலில் 1980களிலிருந்து பேராசிரியர் கா.ராஜன் முதலானோர் நடத்திய அகழாய்வுகளில் கல்மணி செய்யும் பட்டறைகளும் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கருத்து. கல்லும் எஃகும் ஒரே ஊரில்! ஒளிவாள் கொங்கு நாட்டில் பிறந்தது என்று நாளைக்கே யாராவது வாட்ஸ்அப்பில் எழுதிவிடலாம். அந்த ஆசையை விட்டுவிட்டுப் பார்த்தால் கொடுமணல் வேறொன்றைச் சொல்கிறது. அங்கே பெருங்கற்காலச் சவக்குழிகளில் சூதுபவள மணிகளோடு இரும்பு வாட்களும் கிடைத்திருக்கின்றன. எஃகின் அருமை தெரிந்த, அதை விற்றுப் பிழைத்த மக்கள், நல்ல வாள் ஒன்றை இன்னொருவன் பயன்படுத்தட்டும் என்று எடுத்து வைக்காமல் இறந்தவனோடு மண்ணில் இறக்கினார்கள். ஆள் போனால் வாளும் போக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குழிகளில் இருப்பதாகப் படிப்பது தவறாகாது.

சங்கப் பாடல்கள் ஒரு வேற்றுமையையும் காட்டித் தருகின்றன. ஜெடாய் தன் வாளைத் தானே செய்ய வேண்டும், தனியாக, தவம் போல. புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடும்போது ஆயுதம் வடிப்பதைக் கொல்லனுக்குத் தருகிறார். பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், நெய் பூசி அழகாக அடுக்கப்பட்ட அவன் ஆயுதங்களையும் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் ஆயுதங்களையும் அருகருகே வைக்கிறார். ஒளிவாள் முறியாது, மழுங்காது, இரத்தக் கறை படியாது; வெட்டிய இடத்தையே சுட்டு மூடிவிடும். ஔவை அதைத் தொண்டைமான் வீட்டில்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். விண்வெளி வாளின் பெரிய குறை இது. பொறுப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பொறுப்பு தன் மனசாட்சி ஒன்றுக்கு மட்டுமே. கொல்லனுக்கும் தாய்க்கும் ஊருக்கும் அது கடன்பட்டிருக்கவில்லை.

இதெல்லாம் பொம்மை வியாபாரம், பொருள் தேடுவது வீண் என்று ஒரு மறுப்பு உண்டு. வியாபாரம் உண்மைதான். 2012இல் டிஸ்னி லூகாஸின் நிறுவனத்தை வாங்கியது ஜெடாய் நெறியின் மேல் உள்ள பக்தியால் அல்ல. ஆனால் விற்கப்படும் ஆயிரம் பொம்மைகளில் எது நிலைக்கிறது என்பதை வியாபாரி முடிவு செய்வதில்லை. நம் மேடைகளைப் பார்த்தாலும் இது விளங்கும். கட்சி மாநாடு எதுவானாலும் தலைவருக்கு வெள்ளியில் ஒரு வீரவாள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். எம்.ஜி.ஆர். கொல்லூர் மூகாம்பிகைக்குத் தங்க வாள் காணிக்கை செலுத்தினார். வாக்குச்சீட்டில் ஆட்சி மாறும் நாட்டில் வாளுக்கு என்ன வேலை என்று கேட்பாரில்லை. மேடை வாளுக்கும் கதை வாளுக்கும் இருக்கும் தூரத்தைத்தான் கவனிக்க வேண்டும்: மேடையில் தூக்கிக் காட்டுவது மட்டுமே நடக்கிறது, கணக்குக் கேட்கும் காட்சி வருவதே இல்லை. காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீரன் சின்னமலையும் இன்று வாளும் குதிரையுமாகவே சிலையாகிறார். அவர் காலம் துப்பாக்கியின் காலம். அவர் துணை நின்ற திப்புவின் படை ராக்கெட் ஏவிய படை. 1801 முதல் 1804 வரை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு அவர் நடத்திய போர்களில் வாள் மட்டும் பேசியிருக்க முடியாது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட அவருக்கு மக்கள் ஏன் வாளைக் கொடுத்தார்கள்? கம்பெனியின் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்த கை யாருடையது என்று தெரியாது, இவர் கை எது என்று தெரியும். அதனால்தான் என்று தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. வாள் என்பது பிறப்பின் சலுகை. அண்ணன்மார் கதையில் வாளின் புகழ் நிலமுடைய வேளாளக் குடிக்கு, வேட்டுவர் எதிரிகள், சாம்புவன் எவ்வளவு சண்டை போட்டாலும் பணியாள். விண்வெளியிலும் இதுவே. 2015 படத்தில் கவசச் சிப்பாயாக வளர்க்கப்பட்ட ஃபின் வாளை எடுக்கிறான், அடிபட்டு விழுகிறான், வாள் கதாநாயகி ரேயின் கைக்குப் போகிறது. அவளுடைய பெற்றோர் பேர்பெற்றவர்கள் அல்ல, சாதாரணர்கள் என்று 2017 படம் துணிந்து சொன்னது. 2019இல் அவளைப் பேரரசனின் பேத்தியாக்கிய பிறகுதான் தொடருக்கு நிம்மதி வந்தது. இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கணக்குச் சொல்லும் தகுதியே சிலருக்குத்தான் தரப்பட்டது, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக விழுந்தார்கள். ஆனால் வாள் மறுக்கப்பட்டவர்கள் அதைச் சும்மா விட்டுவிடவுமில்லை. அருந்ததியர் மரபில் வளர்ந்தவராகப் பாடப்படும் மதுரைவீரன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட பின்னும், கோயில்களில் ஓங்கிய வாளோடு நிற்கிறார். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு செலுத்துவது அரிவாள், வயலிலும் வேலியிலும் புழங்கும் கருவி. அரசகுலம் கேட்காத ஆயுதம் அது. விண்வெளிப் புனைவு இன்னும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். 'மாண்டலோரியன்' தொடரில் வரும் கரிய வாளுக்கு ஒரு சட்டம்: சண்டையில் வென்றவன்தான் ஏந்தலாம், ஏந்தியவனே அந்த மக்களை ஆளலாம். கதாநாயகன் தின் ஜாரின் தற்செயலாக அதை வென்றுவிட்டு, எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள் என்று அதைத் தேடிவந்த போ-காட்டானிடம் நீட்டுகிறான். சட்டப்படி அதைக் கொடுக்க முடியாது. கீழே வைக்கவே விடாத வாள் சாபமாகிறது. அதற்காக ஓர் இனமே பல தலைமுறை தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருக்கிறது. 2023இல் வந்த பருவத்தின் கடைசிப் பகுதியில் எதிரி அதைத் தன் இரும்புக் கையால் நசுக்கிப் போடுகிறான். வாள் போன பின்பும் போ-காட்டான் அந்த மக்களுக்குத் தலைவியாகிறாள். ஏந்திவர வாள் இல்லையே என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.