முகமூடியும் அறுக்கப்பட்ட நாவும்: 'டாக்டர் சின்' திரைத் தழுவல்கள்

ரசல் தார்ண்டைக்கின் 'டாக்டர் சின்' (1915) புதினத்தின் தலைவர், இங்கிலாந்தின் ரோம்னி சதுப்புநிலத்தை அடுத்த டிம்சர்ச் ஊரின் பாதிரியார். பகலில் மறையுரை ஆற்றும் அவரே இரவில் சோளக்கொல்லைப் பொம்மையாக வேடமிட்டுக் கடத்தற்காரர்களை வழிநடத்துகிறார். இவ்விரு முகங்களுக்கும் அடியில் கிளெக் என்னும் கடற்கொள்ளையனின் முகம் உள்ளது. கிளெக்கால் நா அறுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட கலப்பினத்தவன் ஒருவனே அதற்குச் சாட்சி. இறுதியில் சின் அவனால் மாள்கிறார்.

திரைத் தழுவல்களை மதிப்பிட இச்சாட்சியே தக்க அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு. 1937ஆம் ஆண்டுப் படத்தில் ஜார்ஜ் ஆர்லிஸ் ஏற்ற சின் உயிர் தப்புகிறார். பழிக்கு ஈடு செலுத்தப்படவில்லை. ஹாமர் நிறுவனத்தின் 'கேப்டன் கிளெக்' (1962) பாதிரியாரின் பெயரைப் பிளிஸ் என மாற்றினும், பாதிக்கப்பட்டவன் கையால் அவர் மாளும் முடிவைப் பேணியது. பேச்சற்ற அவன் அங்கே அச்சுறுத்தும் உருவாகவே காட்டப்படினும், பீட்டர் குஷிங்கின் கனிந்த பாதிரியாரை நம்மால் முழுமையாக மன்னிக்க இயலாதவாறு அவனது இருப்பு தடுக்கிறது.

டிஸ்னி 1964இல் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில் அவன் இல்லை. பேட்ரிக் மெக்கூஹனின் கரகரத்த குரலும் கோரமான முகமூடியும் மறக்கவொண்ணாதவை. ஆயினும் அவரது சின், வரிச்சுமைக்கும் கடற்படையின் கட்டாய ஆள்பிடிப்புக்கும் எதிரான மக்கள் காவலர் மட்டுமே. தலைவனின் தூய்மை, பாதிக்கப்பட்டவனை நீக்கியே பெறப்பட்டது. முகமூடி மறைத்ததைவிடத் தழுவல் மறைத்ததே மிகுதி.