அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு வேலை

விருத்தாசலம் பாலக்கரையில் காலை ஏழு மணிக்கு நின்றால் ஊர் வெளியே கிளம்புவதைப் பார்க்கலாம். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு டீ குடிப்பவர்கள், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்க வண்டியை அணைக்காமலே யாருக்கோ காத்திருப்பவர்கள். எங்கே என்று கேட்டால் மந்தாரக்குப்பம், நெய்வேலி, வடலூர், கடலூர் என்று பதில் வரும். தினமுமா என்றால், "டெய்லி அப் அண்ட் டவுன்தான் சார்" என்பார்கள். தொடர்ந்து, கேட்காமலே இன்னொன்றும் சொல்வார்கள்: "டிரான்ஸ்பர் கிடைக்கிற வரைக்கும்தான்."

அந்த 'வரைக்கும்' பத்து வருடம் நீண்டதை நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு இவர்களிடம் ஒரு கணக்கு தயாராக இருக்கும். கடலூருக்குப் போக அறுபது, வர அறுபது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு நாளைக்கு 2.4 லிட்டர் வேண்டும். பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் 240. மாதம் 25 நாளுக்கு 6,000. கடலூரில் வீடு பிடித்தால் வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் தனி. ஆக, மாதம் இரண்டாயிரம் மிச்சம்.

பெரும்பாலோர் கணக்கை இந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள். மூடாமல் இன்னும் இரண்டு வரி எழுதிப் பார்ப்போம். நாளைக்கு 120 கிலோமீட்டர் என்றால், வருடத்துக்கு 300 நாள் வைத்து 36,000 கிலோமீட்டர். மூவாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் மாதம் தவறாமல் ஒன்று. அதோடு டயர், செயின் செட், பிரேக் ஷூ. மிச்சமான இரண்டாயிரத்தில் பெரும்பங்கு மெக்கானிக் கடைக்குப் போய்விடும். அடுத்தது நேரம். ஒரு வழிக்கு ஒன்றரை மணி என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம், வருடத்துக்கு 900 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 112 நாள். கிட்டத்தட்ட நாலரை மாதச் சம்பளமில்லா வேலை. இதற்கு யாரும் விலை போடுவதில்லை, ஏனென்றால் இது பர்ஸிலிருந்து போவதில்லை.

ஆக, நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கடலூர் ஓட்டம் கட்டாது. இது தெரிந்தும் மனிதர்கள் ஓட்டுகிறார்கள் என்றால் அவர்கள் முட்டாள்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் வேறொன்றை வாங்குகிறார்கள்.

அது என்ன என்று புரிய ஒரு நூற்றாண்டு பின்னால் போகலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் விருத்தாசலம். நமக்குப் புதுமைப்பித்தன். இந்தச் சாலையின் ஒரு முனையில் பிறந்து மறுமுனையின் பெயரைச் சுமந்தவர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய அப்பா வருவாய்த்துறை அதிகாரி. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அப்பாவின் உத்தியோகம் போன ஊர்களிலெல்லாம் பிள்ளையின் ஆரம்பப் படிப்பும் நடந்தது. அன்றைய வழக்கம் அது. வேலை நகர்ந்தால் வீடும் பாத்திரம் பண்டத்தோடு பின்னால் நகரும்.

இன்று வேலை நகர்கிறது, வீடு நகர மறுக்கிறது. காரணங்கள் நியாயமானவை. மனைவிக்கும் வேலை இருக்கிறது, அது பெண்ணாடம் பக்கம். பையன் பத்தாவது. வீட்டுக்கடன் இன்னும் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அம்மா இருக்கிறாள், அவளை நம்பித்தான் சின்னது வளர்கிறது. ஒரு ஆள் தினம் 120 கிலோமீட்டர் ஓட்டுவதால் மற்ற நாலு பேர் இருந்த இடத்தில் இருக்கிறார்கள். இந்த வழக்கத்தின் பலம் இதுதான், சின்ன பலம் இல்லை. குறிப்பாக மனைவியின் வேலை. போன தலைமுறையில் கணவனின் மாறுதலோடு எத்தனை பெண்கள் வேலையை விட்டார்கள் என்று அவரவர் குடும்பத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோய்ஸ் ஸ்டுட்சரும் ஜெர்மானியர்களின் தரவுகளை வைத்து இந்தத் தினசரி அலைச்சலை ஆராய்ந்தார்கள். வேலைக்கு நீண்ட நேரம் பயணம் செய்பவர்களுக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ அந்த அலைச்சலை ஈடு செய்திருக்க வேண்டும் அல்லவா? ஈடாகவில்லை, அவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது என்று கண்டார்கள். அதை அப்படியே இங்கே ஒட்ட எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே குழந்தைக் காப்பகத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் பதிலாக ஒரே கூரை இருக்கிறது, அந்தக் கூரையைத் தாங்குவது ஒருவரின் பைக். ஆனாலும் ஒன்று இங்கேயும் பொருந்தும்: லாபத்தை உட்கார்ந்து கணக்கிடுகிறோம், தேய்மானத்தை உடம்பால்தான் அறிகிறோம், அதுவும் தாமதமாக.

இத்தனை பேரை வெளியே அனுப்பும் விருத்தாசலத்துக்கு ஒரு முரண் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது மேலே வெள்ளைக் களிமண் வரும். அந்த மண் பக்கத்தில் கிடைத்ததால்தான் விருத்தாசலம் பீங்கான் ஊரானது. தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் வந்தது, அரசின் டேசல் நிறுவனம் வந்தது. அகல், கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து வெளியூர் போயின. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்து அச்சில் பொம்மை வார்த்தார்கள். பிறகு டேசல் மூடப்பட்டது. சிறு பட்டறைகள் கொலுவையும் கார்த்திகையையும் நம்பி ஓடுகின்றன. மண் அங்கிருந்து இங்கே வந்த அதே சாலையில் இப்போது ஆள் இங்கிருந்து அங்கே போகிறார். உள்ளூரில் வருடம் முழுக்கத் தாங்கும் வேலை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக்கு வேலையில்லை. மறுபாதி மாவட்டத் தலைநகர் சம்பந்தப்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, விருத்தாசலத்தைத் தலைநகராக்கி ஒரு மாவட்டம் கேட்டவர்களின் குரல் காற்றில் போனது. ஒரு கையெழுத்துக்கும் கடலூர்தான்.

நெய்வேலி விஷயம் வேறு. தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நிரந்தரப் பணியாளருக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளி வெளியில்தான் இடம் தேட வேண்டும். அவர் விருத்தாசலம் பக்கத்துச் சொந்த வீட்டிலிருந்து போவதில் தவறே இல்லை. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம், போய்வர ஒரு லிட்டர் பெட்ரோல். மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று 1994இல் எழுதினார் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி. அந்த அளவை நெய்வேலி போகிறவர் அரை மணி நேரம்தான் தாண்டுகிறார். எனக்குக் கவலை நைட் ஷிஃப்ட் பற்றித்தான். இரவு முழுக்க விழித்தவர் விடிந்ததும் ஓட்டும் இருபத்தைந்து, பகல் வேலைக்காரர் ஓட்டும் இருபத்தைந்துக்குச் சமமில்லை. மைல்கல்லுக்கு அது தெரியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் பக்கத்துச் சாலையில் அது எப்படி நடக்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர், சாம்பல் லாரி, பாதித் தாரில் காயும் நெல், அதைச் சுற்றி அடுக்கிய கல். வீட்டில் நடக்கும் வாடகைப் பேச்சில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அபசகுனம்.

மாற்று இல்லையா? இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. நாலு ஆசிரியர்கள் சேர்ந்து கார் ஓட்டினால், லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டிக்கு நாளைக்குச் சுமார் 670 ரூபாய், தலைக்கு 170க்குள். பைக்கின் 240ஐவிடக் குறைவு, மழை நனைக்காது, தூங்கலாம். ஆனால் ஒருவர் லீவ் போட்டால் மற்றவர்களுக்குச் செலவு ஏறும், ஒருவருக்குக் கடைசி நேர மீட்டிங் என்றால் மூவர் காத்திருக்க வேண்டும். ரயில் சீசன் டிக்கெட் எல்லாவற்றிலும் மலிவு. விழுப்புரம் போகிறவருக்கு அது வரம், அந்தக் கார்டு லைனில் வண்டிகள் நிறைய. கடலூர் பாதையில் வண்டிகள் குறைவு, நம் அலுவலக நேரத்துக்கு ஏற்றபடி ஓடுவதும் இல்லை. 2021இல் வந்த மகளிர் இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான், கடலூர் போகும் புறநகர் பேருந்துக்கு இல்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும், இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். கிராம நிர்வாக அலுவலர் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாலு மணிக்கே பஸ்ஸையோ வண்டியையோ பார்க்கிற அதிகாரி, ஆசிரியர், மருத்துவர் யாராக இருந்தாலும், அவர் பயணத்தின் ஒரு பகுதிச் செலவைச் சான்றிதழுக்கு வந்து திரும்பிப் போன கிழவி கட்டுகிறாள். இந்த வழக்கத்தைத் தனிமனிதத் தியாகமாக மட்டும் பாடுவது எனக்கு ஒப்பவில்லை.

என்னிடம் யோசனை கேட்ட ஒரு தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: நெய்வேலி, பகல் வேலை என்றால் போ. கடலூர் என்றால் ஓட்டுவதற்கு ஒரு முடிவுத் தேதி குறித்து வைத்துக்கொள், பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சையோ, வேறெதுவோ. தேதி இல்லாவிட்டால் அங்கே ஒரு அறை எடுத்து வாரம் ஒருமுறை வா, அல்லது பஸ்ஸில் போ. அவன் கேட்டுக்கொண்டான். முதலில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறேன் அண்ணே என்றான். மாசி மாதம் தொடங்கினான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் ஏழரைக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து போன் செய்தான். ஒரு டீக்கடைக் கூரைக்குக் கீழே நிற்கிறானாம், மழை விடவில்லையாம், ரெயின்கோட்டை ஆபீஸிலேயே விட்டுவிட்டானாம்.