சிலம்பு யாருடையது?

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றே படித்தோம். அப்படியே படிப்பித்தும் வருகிறோம். மாதவியை விட்டுக் கோவலன் வீடு திரும்புகிறான், கண்ணகி புன்னகையோடு சிலம்பைக் கொடுக்கிறாள் என்ற இடம் வந்தால் மேடைப் பேச்சாளருக்குக் குரல் தழுதழுக்கும். எனக்கு அந்த இடம் வேறு மாதிரித் தெரிகிறது. நொடித்துப்போன ஒரு கணவனும், அவனை நம்பி ஏமாந்த ஒரு மனைவியும் மறுபடி குடும்பமாக வாழப் பார்க்கிற கதை அது. அந்த முயற்சி எங்கே சரியாகிறது, எங்கே பிழைக்கிறது என்பதை இளங்கோ நுணுக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் கற்பைத் தேடப் போய் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் உள்ளே வருகிறான். வாடிப்போன மனைவியின் மேனியைக் காண்கிறான். வாய் திறந்து பேசுவதோ பொருளைப் பற்றி. முன்னோர் தேடித் தந்த செல்வம் மலைபோல் இருந்தது, தொலைந்துவிட்டது, இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். அந்த வெட்கம் வெறுங்கையைப் பற்றிய வெட்கம். அவளைத் தனியே விட்டதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. மாதவிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் வந்திருக்கிறான் என்று எண்ணியே கண்ணகி சிரித்த முகத்தோடு சிலம்பைத் தருகிறாள் என்பது வழக்கமான விளக்கம். அது சரியானால், அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இருந்திருக்க முடியாது.

அந்தச் சிரிப்பை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு இளங்கோவே பின்னால் ஒரு திறவுகோல் தருகிறார். கொலைக்களக் காதையில், மதுரைக்கு வெளியே மாதரியின் வீட்டில், கண்ணகி முதன்முறையாகத் தன் மனக்குறையைச் சொல்கிறாள். மாமனும் மாமியும் பார்க்க வந்தபோது தான் காட்டியது பொய்ச் சிரிப்பு என்றும், அதைக் கண்டு அவர்கள் உள்ளம் நொந்தார்கள் என்றும் சொல்கிறாள். விருந்தோம்பும் பேறும் தனக்கு இல்லாமல் போனது, நல்லோர் ஏற்காத வழியில் நீங்கள் நடந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதைக் கேட்டபின் சிலம்பு கொடுத்த அன்றைய சிரிப்பை முழு மனச்சிரிப்பென்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்?

இங்கேதான் நம்முடைய மார்க்க அறிவு இலக்கிய வாசிப்புக்குத் துணை வருகிறது. மஹரைப் பற்றிப் பேசும் திருவசனம் (4:4), மனைவி மனமுவந்து விட்டுத் தந்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்கிறது. கொடுத்தாளா என்பதோடு கேள்வி முடிவதில்லை. மனமுவந்து கொடுத்தாளா என்பதும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி), தன் கணவருக்கு ஸதகா கொடுக்கலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய நன்மை, தர்மம் செய்த நன்மை என இரண்டு கூலி உண்டு என நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மனைவியின் பொருள் அவளுடையது என்பதால்தான் கணவனுக்குக் கொடுப்பது தர்மமாகிறது. கோவலன் யாரிடமும் கடன் வாங்கியதாகக் கதையில் இல்லை. ஆனால் சிலம்பைக் கையில் எடுத்தபோது அவன் ஒருத்திக்குக் கடன்காரன் ஆகிவிட்டான்.

அவன் பக்கத்தையும் பேசவேண்டும். சிலம்பை விற்றுத் தின்னலாம் என்று அவன் நினைக்கவில்லை. அதை முதலாக வைத்து, மதுரையில் தொழில் செய்து, இழந்ததை மீட்பேன் என்கிறான். நல்ல எண்ணம்தான். நடத்தையில்தான் கோளாறு. பெற்றோருக்குச் சொல்லாமல் விடியுமுன் புறப்படுகிறான். சிலம்பை விற்கத் தனியே போகிறான். முன்பின் தெரியாத பொற்கொல்லனிடம் சாட்சியில்லாமல் காட்டுகிறான். கடனை எழுதிவைக்கச் சொல்லும் நீண்ட வசனம் (2:282), கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டாலும் குற்றமில்லை, ஆனால் கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வையுங்கள் என்கிறது. இளங்கோவைக் குர்ஆனால் அளப்பது என் நோக்கமல்ல. மறைத்துச் செய்யும் கொடுக்கல் வாங்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதில் இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

கதீஜா (ரழி) அவர்களின் வியாபாரத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஷாம் நாட்டுக்குப் போன சரக்கு அவருடையது. கூடவே மைஸராவையும் அனுப்பினார். பயணம் முடிந்ததும் இலாபமும் வந்தது, மைஸராவின் வாயால் நேர்மைக்குச் சாட்சியும் வந்தது. திருமணம் அதற்குப் பிறகு. அங்கே கணக்கிலிருந்து நம்பிக்கை பிறந்தது. கோவலன் வீட்டில் கலியாணம் இருந்தது, கணக்கு இருக்கவில்லை.

தெமோதரையில் இருந்து இதைப் படிக்கும்போது இது பழங்கதையாகத் தெரியவில்லை. தோட்டத்து லயமானாலும் பதுளை டவுன் கடைத்தெருவானாலும், கை இறுகினால் முதலில் போவது மனைவியின் நகை. அடகுச் சீட்டைக் கணவன் சட்டைப்பையில் வைத்திருப்பான். அடுத்தது மைக்ரோ லோன். குழுவாகச் சேர்த்துப் பெண்களுக்கே கொடுப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். "லோன் என்ட பேருல, காசு அவர்ட கையில" என்று பெண்கள் சொல்வதை இங்கே கேட்கலாம். இது ஒரு ஊரின் கதையுமல்ல. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை 2018இல் அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நம் சமூகத்துக்குள் கைக்கூலி வேறு இருக்கிறது. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அதைப் பொருள்கொள்கிறது. நடைமுறையில் அது மாப்பிள்ளையின் பழைய கடனை அடைக்கப் போய்விட்டால், காதியாரிடம் வழக்கு வரும் வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கடனை அடைப்பது ஒரு வேலை, நம்பிக்கையை மீட்பது இன்னொரு வேலை. முதலாவதை முடித்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று கோவலன் நினைத்தான், நம்மவர்களும் நினைக்கிறார்கள். காப்பியம் வரிசையை மாற்றிக் காட்டுகிறது. காசு ஒன்றும் திரும்பி வராத நேரத்தில், மாதரி வீட்டில் சோறு உண்டபின், கோவலன் தன் தவறான நடத்தையைத் தானே எடுத்துச் சொல்கிறான். எழு என்றதும் நீ எழுந்து வந்தாயே என்று உருகுகிறான். கண்ணகி தன் குறையைச் சொல்கிறாள், அவன் கேட்டுக்கொள்கிறான். மூன்று காண்டத்திலும் அவர்கள் உண்மையாகக் கணவன் மனைவியாக இருப்பது அந்தச் சிறிது நேரம்தான். புகாரில் அந்த முதல் இரவிலேயே நடந்திருக்க வேண்டிய பேச்சு அது.

அதன்பிறகு அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். மற்றது அவளிடம் இருக்கிறது. அதை ஏந்தியே பாண்டியன் அவைக்குப் போகிறாள். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை அங்கே அவள் உடைத்தபோது தெறித்த மாணிக்கம்தான் உண்மையை நிறுவியது. சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்ற மனைவியின் அறிவே அந்தக் குடும்பத்தின் கொடுக்கல் வாங்கலுக்கு இருந்த ஒரே பத்திரம். அது அவளிடம் இருந்தபடியால் கோவலனின் பெயராவது மிஞ்சியது. அடகுச் சீட்டையும் லோன் புத்தகத்தையும் சட்டைப்பையில் மறைத்து வைத்திருப்பவர்கள் அந்தக் காட்சியை இன்னொரு முறை படிக்கலாம்.